கலங்கிய படம் பொய்ப்படமா?

எங்கள் குடும்பத்தில் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு, என் தாய்மாமன் திருமணத்தின்போது எடுக்கப்பெற்றது. மணமக்கள் நடுவில் அமர்ந்திருக்க, உறவினர் முப்பதின்மருக்கு மேல் மூன்று வரிசையாகக் காட்சி தருகின்றனர். எல்லோருடைய முகமும் தெளிவாக விழுந்துள்ளது. இரண்டாம் வரிசையின் ஓரத்தில் நிற்கும் என் அன்னையின் முகம் மட்டும் தெரியவில்லை. சேலையின் கரை தெரிகிறது. வளையலணிந்த இடக்கை தெரிகிறது. கழுத்துக்குமேல், ஈரத்தில் கரைந்த மைபோல் ஒரு கலங்கல் மட்டுமே இருக்கிறது. படம் வந்த அன்றே, "ஓரம் கெட்டுப்போயிற்று" என்று பெரியவர்கள் கூறியது என் நினைவில் உள்ளது.

இரண்டாண்டு கழித்து, 1959இல், அன்னை மறைந்தார். அவர் இடம்பெற்ற படம் வேறொன்றும் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. ஆதலின் அவர் முகம் என் நெஞ்சில் உள்ளது. என் தங்கைக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு அம்முகம் நினைவிலும் இல்லை, படத்திலும் இல்லை.

அண்மையில் எங்கள் குடும்பத்தார் மலரொன்று அச்சிட முனைந்தனர். கணிப்பொறித் தொழில் பயின்ற என் பெயரன், "பாட்டி, உங்கள் முகத்தையும் சின்னப் பாட்டி முகத்தையும் வைத்துக்கொண்டு, கொள்ளுப்பாட்டியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து இந்தப் படத்திலேயே பொருத்திவிடலாம், யாருக்கும் வேறுபாடு தெரியாது" என்றான். தங்கை ஆவலோடு என்னைப் பார்த்தாள். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. கலங்கிய படம் பொய்ப்படமா? அதில் தெளிந்த முகமொன்றை வைத்தால் அது மெய்ப்படமாகிவிடுமா? இவ்வினா எங்கள் இல்லத்தோடு முடிவதன்று. ஆதலின் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

படம் எவ்வாறு கலங்குகிறது?

வகுப்பறைப் பழக்கத்தால், கருவியின் இயல்பிலிருந்தே தொடங்குகிறேன். காமிராவினுள் ஒளி நுழையும் வழியைத் திறந்து மூடுவது ஷட்டர் என்னும் திரை. அது திறந்திருக்கும் நேரத்தில் எதிரே நிகழ்வன யாவும் ஒரே பரப்பின்மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகின்றன. நாம் "ஒரு கணம்" என்று எண்ணும் படம், உண்மையில் ஒரு சிறு கால அளவின் தொகுப்பேயாகும்.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் செல்கிறார். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் அவர் நகர்வது 1.4 மில்லிமீட்டர், படத்தில் சிலைபோல் நிற்பார். 1/15 நொடி திறந்திருந்தால் நகர்வது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். உருவின் விளிம்பு கலையும். ஒரு நொடி முழுதும் திறந்திருந்தால் ஆள் புகைக்கோடாகிவிடுவார். அருகில் நிற்கும் தூணோ மூன்று படத்திலும் ஒரே தன்மையதாய் இருக்கும்.

நெடுநேரம் திறந்தால் ஒளி மிகுந்து படம் வெளுத்துவிடும். ஆகவே காலத்தைக் கூட்டுபவர் துவாரத்தைக் குறைக்கவேண்டும். 1/125 நொடிக்கு எஃப் 5.6 என்னும் துவாரம் பொருந்துமாயின், 1/15 நொடிக்கு எஃப் 16 பொருந்தும். ஏறத்தாழ எட்டு மடங்கு காலம், எட்டில் ஒரு பங்கு துவாரம். மாறாக, வெளிச்சம் குறைந்தால் காலத்தை நீட்டியே ஆகவேண்டும்.

எங்கள் படம் கலங்கியதற்கும் இதுவே முதற்காரணம். பொழுது சாயுமுன் பந்தி முடியவேண்டும் என்பது நம் வழக்கமன்றோ! படம் பிடிப்பவர் காத்திருக்க, பந்தி முதலில் நடந்தது. எல்லோரும் உண்டு கைகழுவி வந்து பந்தலின்கீழ் வரிசையாக நின்றபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "யாரும் அசையக்கூடாது" என்று கூறி, லென்ஸின் மூடியைக் கழற்றி, "ஒன்று, இரண்டு" என எண்ணி மூடினார். அவ்விரண்டு எண்ணிக்கைக்குள் அன்னை அசைந்துவிட்டார்.

பாரிஸ் வீதியில் நின்ற ஒருவர்

அசைந்தவர் படத்திலிருந்து மறைவது புகைப்படக் கலையின் பிறப்பிலேயே நேர்ந்த ஒன்று. பிரெஞ்சு நாட்டவரான தாகேர் 1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், பூல்வார் து தாம்ப்ல் என்னும் அகன்ற வீதியைத் தம் இல்லத்துப் பலகணியிலிருந்து படமெடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டிக் காமிராவில் வைத்து, பின் பாதரச ஆவியால் உருவை வெளிப்படுத்துவது அவருடைய முறை. அக்காலத் தகடு ஒளியை மெல்லவே ஏற்கும். சில நிமிடங்கள் திறந்து வைக்கவேண்டும்.

வண்டிகளும் மக்களும் இடையறாது சென்றுகொண்டிருந்த வீதி அது. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. மாடங்கள், மரங்கள், நடைபாதை யாவும் துல்லியம், மக்கள் இல்லை. ஒரே ஓர் ஆள் மட்டும் நடைபாதை ஓரத்தில் தெரிகிறார். ஒரு காலைத் தூக்கிப் பெட்டியின்மீது வைத்துக் காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றவர் அவர். நின்றமையால் பதிந்தார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படமாக அதனைக் குறிப்பிடுகின்றனர்.

தந்தி முறையால் புகழ்பெற்ற அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ் 1839இல் பாரிசில் இத்தகட்டை நேரிற் கண்டு தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். அசைந்தவை பதியவில்லை என்பதையும், அம்மனிதருடைய அசையாத கால்கள் தெளிவாக இருக்க, அசைந்த உடலும் தலையும் தெளியவில்லை என்பதையும் அவர் அன்றே கண்டு கூறினார்.

இப்படத்தைப் பற்றி நான் பலமுறை எண்ணியதுண்டு. எண்ணுந்தோறும் என் கருத்து, நின்றவரைவிட்டு அவர் காலடியில் குனிந்திருந்தவரிடம் செல்கிறது. மெருகேற்றிய தொழிலாளியும் அத்தனை நிமிடமும் அங்கேதான் இருந்தார். ஆயினும் அவர் கை ஓயவில்லை. தோளும் தலையும் வேலையோடு அசைந்துகொண்டிருந்தன. எனவே நின்று பணிபெற்றவர் வரலாற்றில் இடம்பெற்றார். பணிசெய்தவர் அவர் காலருகே கலங்கிய நிழலாக எஞ்சினார். தாகேர் வஞ்சகம் ஏதும் செய்தாரல்லர். வேதிப்பொருளும் பாகுபாடு அறியாது. எனினும் விளைவு இதுவாயிற்று. உழைப்பவர் அசைகிறார்; அசைபவர் பதிவதில்லை.

நம் வீடுகளிலும் இவ்வாறன்றோ நிகழ்கிறது? திருமணமோ, நோன்போ, ஆலயத் திருவிழாவோ, படத்தில் விழுபவர் அமர்ந்திருந்தவரே. அடுக்களையிலும் கொல்லையிலும் நடந்துகொண்டிருந்தவர் படத்தில் இல்லை. பல வேளை நினைவிலும் இல்லை.

விரைந்து எடுத்தால் உண்மை கிட்டுமா?

"அங்ஙனமாயின் ஷட்டரை விரைவுபடுத்தினால் போதுமே, எவரும் கலங்கமாட்டாரே" என்று சிலர் கூறலாம். அதனையும் ஆராய்வோம்.

1878ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சார்ந்த பாலோ ஆல்டோவில், மைபிரிட்ஜ் என்பவர் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையை மிக விரைந்த ஷட்டரால் படமெடுத்தார். அதுவரை ஓவியர்கள் பாயும் குதிரையை முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டவாறு வானில் மிதப்பதாகத் தீட்டினர். குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு எழுவது மெய்யே. ஆனால் அப்போது அவை நீண்டிராமல் வயிற்றின்கீழ் மடங்கியிருக்கின்றன என்று படம் காட்டிற்று. கண் அறியாத ஓர் உண்மையைக் கருவி அறிவித்தது.

ஆயினும் சிற்பி ரோதேன் இதனை முழுதும் ஏற்கவில்லை. 1911இல் வெளிவந்த உரையாடல் நூலில் அவர் எதிர்வாதம் செய்தார். ஜெரிக்கோ என்னும் ஓவியர் 1821இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தைக் காட்டி, அதன் குதிரைகள் ஓடுவதாகத் தோன்ற, கணப்படத்தின் குதிரைகளோ தாவி நின்றுவிட்டவைபோல் தோன்றுகின்றன என்றார். காலம் ஒருபோதும் நிற்பதில்லை. ஆதலின் நின்றதுபோல் காட்டும் படமே உண்மைக்கு மாறானது என்பது அவர் வாதத்தின் சாரம். ஓவியர் கால்களின் நிலையிற் பிழைத்தார்; ஓட்டத்திற் பிழைக்கவில்லை. காமிரா கால்களின் நிலையிற் பிழைக்கவில்லை, ஓட்டத்தை இழந்தது.

இவ்விரைந்த பார்வையின் தீங்கை நான் என் வாழ்விலேயே அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் தேர்வு அறையில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். தலைநிமிர்ந்த கணத்தில், மாணவன் ஒருவன் பக்கத்துப் பையனின் தாளின்மேல் முகங்கவிழ்ந்திருந்ததைக் கண்டேன். உடனே அவனை எழுப்பி வெளியில் நிறுத்தினேன். சில நிமிடங்கழித்து அருகிற் சென்றபோதுதான் அந்தப் பக்கத்துப் பையனுக்கு மூக்கில் குருதி வடிந்துகொண்டிருந்ததையும், அவன் தாளில் இரண்டு துளி விழுந்திருந்ததையும் கண்டேன். வெளியில் நின்றவன் எதற்காகக் குனிந்தான் என்பது அப்போது விளங்கியது. அவனை உள்ளே அழைத்து எழுதச் சொன்னேன். ஆனால் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் பிழை ஒப்புக்கொள்வது கட்டுப்பாட்டைக் கெடுக்கும் என்று அன்று நினைத்தேன். இன்று அந்நினைப்பே பெரும்பிழை என்று உணர்கிறேன். நான் கண்ட காட்சி பொய்யன்று. மிகத் தெளிவான காட்சி. அதன் முன்னும் பின்னும் வெட்டப்பட்டிருந்தமையே பிழை.

மெல்ல எடுத்தால் முழுமை கிட்டுமா?

விரைந்த பார்வை குறையுடையதாயின், நெடிய பார்வை நிறைவுடையதோ? அதுவும் அன்று. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970களின் பிற்பகுதியில் ஒரு சோதனை செய்தார். திரையரங்கொன்றில் காமிராவை நிறுத்தி, படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். அழுகை, சிரிப்பு, சண்டை என அத்திரையில் ஓடிய ஆயிரமாயிரம் காட்சிகள் என்னவாயின? வெண்மையான ஒரு நாற்கரம் மட்டுமே எஞ்சிற்று. எல்லாவற்றையும் ஒருசேரப் பதித்தமையால் எதுவும் பதியவில்லை. அந்த ஒளியில் அரங்கின் சுவரும் இருக்கைகளும் மட்டும் தெளிந்து நின்றன.

மக்களைப் பற்றியும் நாம் இவ்வாறு தீர்ப்பளிப்பதுண்டு. "அவன் எப்போதும் இப்படித்தான்", "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்பவை நெடுநேரம் திறந்துவைத்த ஷட்டர் தரும் படங்களே. இருபது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நிறமாக்கிவிட்டு, இடையில் அவன் மனம் திருந்திய நாளையும் உதவிக்கு ஓடிவந்த நாளையும் அழித்துவிடுகிறோம்.

நம் நூல் நெறி

உள்பொருளின் இயல்பு தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றும் உடைமை என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை வாசகர்கள் அறிவர். பொற்குடத்தை உருக்கி மணிமுடி செய்தால் குடம் கெட்டது, முடி தோன்றியது, பொன் நிலைபெற்றது. கணந்தோறும் அழிவதே பொருள் என்னும் கணபங்க வாதத்தை நீலகேசி மறுத்து வாதிடுவதும் இதனாலேயே. விரைந்த ஷட்டர் கணத்தை மட்டும் காண்கிறது. மிக மெல்லிய ஷட்டர் நிலைத்ததை மட்டும் காண்கிறது. ஒவ்வொன்றும் ஒரு நோக்கில் மெய். அதுவே முழு மெய் என்று பிடிவாதம் செய்தால் அந்நோக்கில் பொய் புகுந்துவிடுகிறது. அநேகாந்தம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. நாம் ஒருவரைப் பார்க்கும் பார்வையிலும் இருக்கவேண்டும்.

படக்கலையில் மூன்றாவது முறையொன்றும் உண்டு. அதை என் பெயரனே எனக்குச் செய்துகாட்டினான். மிதிவண்டியில் செல்லும் ஒருவரை, 1/30 நொடி அளவில், அவர் செல்லும் திசையிலேயே காமிராவையும் திருப்பிக்கொண்டே எடுத்தான். வீதியும் சுவரும் கோடுகளாக நீண்டன. சென்றவரின் முகமோ தெளிவாக விழுந்தது. அவருடைய ஓட்டமும் தெரிந்தது, உருவும் தெரிந்தது. பலமுறை தவறி ஒருமுறையே நன்றாக வந்தது. நின்ற இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு அசைபவர் கலங்குவார். அவரோடு சேர்ந்து திரும்புபவனுக்கு அவர் தெளிவார். ஒருவரை அறிய விரும்பினால் சிறிது தொலைவேனும் அவரோடு செல்லவேண்டும் என்பதை இதனினும் எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

எங்கள் முடிவு

இனி என் அன்னையின் படத்திற்கு வருகிறேன். என் பெயரன் சொன்ன முறையில் கணிக்கப்படும் முகம், எங்கள் இருவர் முகத்திலிருந்து பெறப்படும் ஊகமே. அதைத் தனித்தாளில் வரைந்து, "இது ஊகித்து வரைந்த ஓவியம்" என்று கீழே எழுதினால் அதில் குற்றமில்லை. லென்ஸ் கண்டதுபோல் அப்படத்துக்குள் பொருத்தி வைப்பதோ, சொல்லாமற் சொல்லும் பொய்யாகும். இரண்டு தலைமுறைக்குப் பின் வருபவர் அதனையே அன்னையின் முகமென்று வணங்குவர்.

இதை மட்டும் கூறித் தங்கையை நான் மறுத்திருக்கலாம். ஆனால் அது நேர்மையாகாது என்று தோன்றிற்று. ஏனெனில் அன்னை ஏன் அசைந்தார் என்பதை நான் அறிவேன். இத்தனை ஆண்டும் அவளிடம் கூறியதில்லை. "ஒன்று" என்று படம் பிடிப்பவர் எண்ணியபோது, பக்கத்துத் திண்ணையில் உறவினர் மடியிலிருந்த குழந்தை வீறிட்டழுதது. முன்வரிசையில் பாயில் அமர்ந்திருந்த எனக்கும் அவ்வழுகை கேட்டது. அசையக்கூடாது என்று கூறியிருந்தமையால் நான் திரும்பவில்லை. என் முகம் அப்படத்தில் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அன்னை திரும்பினார். அழுத குழந்தை என் தங்கை.

தன்னாலன்றோ அன்னையின் முகம் இல்லாமற் போயிற்று என்று அவள் வருந்துவாளோ என அஞ்சியே இதுகாறும் மறைத்திருந்தேன். மலருக்காக அவள் கேட்டபின் மறைக்க மனம் வரவில்லை, கூறிவிட்டேன். அவள் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், "அப்படியே இருக்கட்டும் அக்கா. என்னைத்தானே பார்க்கிறாள்! ஏன் முகம் தெரியவில்லை என்பதை மட்டும் அடியில் எழுதிவிடு" என்றாள். மலரில் அவ்வாறே எழுதிக் கொடுத்துள்ளோம்.

தாகேரின் அத்தகட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பவேரிய மன்னருக்குப் பரிசாக அளிக்கப்பெற்று மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருந்த அது, 1970களில் துப்புரவு செய்ய முற்பட்டபோது பெரிதும் அழிந்துபோயிற்று. முன்னரே எடுத்து வைத்த படிகளின் வாயிலாகவே இன்று அப்படத்தை அறிகிறோம். குறையைப் போக்க எண்ணும் கையும் சற்றுத் தயங்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய படங்களை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். தெளிந்த முகங்களின் பெயர்களைப் பின்புறத்தில் எழுதுங்கள். கலங்கிய உருவம் ஏதேனும் இருப்பின், அதனைக் "கெட்டுப்போனது" என்று ஒதுக்காமல், அவர் யார், அந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று முதியவர்களைக் கேட்டு அதனையும் எழுதி வையுங்கள். படத்திலேயே இல்லாதவர் எவர், அவர் அப்போது எந்த வேலையில் இருந்தார் என்பதையும் கேளுங்கள். கேட்பதற்கு உரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நன்று.